தும்பை விட்டு வாலைப் படமெடுப்பவர்களுக்கு

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் வந்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் நான் அடித்த கூத்துகளையே வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். குனிந்து எடுங்கள், கண்ணில் ஃபோகஸ் வையுங்கள் என்பதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டு மற்றதைச் சொல்கிறேன்.

படத்துக்காக வாரைக் கழற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். கழுத்தில் வார் தெரிந்தால் படம் கெட்டுவிடுமாம். அதற்காக, அறிமுகமே இல்லாத இடத்தில் கொக்கியைக் கழற்றி விடுகிறார்கள்.

காங்கயம் பக்கம் ஒரு கொறங்காட்டுக்கு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டுக்கு, ஒரு தம்பி தன் சிப்பிப்பாறை நாயோடு வந்திருந்தார். வாரைக் கழற்ற வேண்டாம் என்றேன். “என்னை விட்டு எங்கேயும் போக மாட்டானுங்கண்ணா” என்று சொல்லிக்கொண்டே கழற்றினார். கிளுவை வேலிக்குள்ளிருந்து ஒரு பெண்மயில் படபடவென்று எழும்பியது. அவ்வளவுதான்.

சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கென்று வளர்த்த இனம். கண்ணால் கண்டு துரத்துவது அதன் பிறவிக் குணம். ஓடத் தொடங்கிவிட்டால், சோறு போடுகிறவர் கூப்பிட்டாலும் காதில் ஏறாது. வேலிச் சந்தில் புகுந்து அடுத்த காட்டுக்குப் போனது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் நாலாபுறமும் சிதறின. ஆட்டுக்காரர் தடியோடு ஓடி வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரங்களில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் ஊரறிந்த செய்தி. ஓடி வருவது வளர்ப்பு நாயா தெருநாயா என்று அவர் நின்று விசாரித்துக்கொண்டிருப்பாரா?

நாய் திரும்பி வரும்போது முள்கம்பியில் மாட்டி அதன் தொடை கிழிந்தது. தையல் போட வேண்டியதாயிற்று. அந்தத் தம்பியின் கேமராவில் விழுந்திருந்தது ஒரே படம். அதன் மூலையில் பாதி வால்! இதுவும் நல்ல காலம்தான். கைப்பிடிச் சுவர் இல்லாமல் தரையோடு தரையாக இருக்கும் கிணறுகள் நம் காடுகளில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

வாரோடு எடுத்தே வாரில்லாத படம் கொண்டுவரலாம். சங்கிலி வேண்டாம், மெல்லிய, உறுதியான வார் போதும். பிடிப்பவர் நாய்க்குப் பக்கத்தில் சட்டகத்துக்கு வெளியே நின்று, கழுத்திலிருந்து வாரை மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்க வேண்டும். முகத்துக்கோ உடம்புக்கோ குறுக்கே வார் வரக்கூடாது. அதற்குப் பின்னால் வானமோ வெறும் மண்ணோ இருந்தால், செல்பேசியிலேயே நொடியில் அழித்துவிடலாம். பின்னால் வேலியோ செடியோ இருந்தால் கேமராவை முக்காலியில் வையுங்கள். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் கையால் நிலைநிறுத்தி, நாயோடு ஒரு படம் எடுங்கள். கேமராவை அசைக்காமல், நாயையும் ஆளையும் விலக்கிவிட்டு வெற்றிடத்தை ஒரு படம் எடுங்கள். கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வார் இருக்கும் இடத்தை மட்டும் வெற்றுப் படத்தால் மூடினால் வேலை முடிந்தது. இதற்குச் சோம்பல்பட்டுத்தான் கொக்கியில் கை வைக்கிறார்கள்.

கேமரா சொல்லும் வெளிச்சத்தை அப்படியே நம்புவது

கேமராவுக்கு நாய் என்ன நிறம் என்று தெரியாது. கண்டதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். சட்டகம் நிறையக் கறுப்பு நாய் இருந்தால் அது வெளுத்துச் சாம்பல் பூசியதுபோல விழும். வெளிச்சத்தை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் (கேமராவில் வெளிச்ச அளவின் ஒரு படி) வரை குறையுங்கள். வெள்ளை ராஜபாளையம் நாய் அழுக்கேறியதுபோலத் தெரியும். அதே அளவு கூட்டுங்கள். நாய் சிறியதாகவும் பின்னணி பெரியதாகவும் இருந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். அப்போது பின்னணியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். செல்பேசியில் நாயின்மேல் விரல் வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தினால் போதும்.

செம்மண் காட்டில் இன்னொரு தொல்லை உண்டு. வெயில் மண்ணில் பட்டுத் தெறித்து வெள்ளை நாயின் வயிறும் தாடையும் செம்பழுப்பாகிவிடும். பிறகு திரையில் அதை நேராக்குவது பெரும்பாடு. காய்ந்த புல் தரையில் நிறுத்துங்கள்.

குடும்பமே சேர்ந்து கூப்பிடுவது

அப்பாரு திண்ணையிலிருந்து “ச்சூ ச்சூ” என்பார், பிள்ளைகள் பிஸ்கட் உறையைச் சரசரவென்று ஆட்டுவார்கள், அமுச்சி பெயர் சொல்லி அழைப்பார். நாய் யாரைப் பார்க்கும்? விசித்திரமான ஒரு சத்தத்துக்கு அது காதை நிமிர்த்துவது முதல் ஓரிரு தடவைதான். அதற்குப் பிறகு கண்டுகொள்ளாது. ஆகவே விரல் பொத்தான்மேல் வந்தபிறகே சத்தம் கொடுக்க வேண்டும், அதையும் ஒருவர்தான் கொடுக்க வேண்டும்.

அது அடிக்கடி கொட்டாவி விடுகிறதா, உதட்டை நக்குகிறதா, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கிறதா? லென்ஸை முகத்துக்கு நேரே நீட்டியது பிடிக்கவில்லை என்று அர்த்தம். பின்வாங்குங்கள். கிட்டே போகாமல் ஜூம் பண்ணிக்கொண்டால், மூக்கும் பூசணிக்காய் அளவுக்கு விழாது.

ஃபிளாஷ்

வேண்டாம். கண் பச்சையாக எரியும்.

உச்சிவெயில்

வெயிலில் காய்ந்த பாறையில் வெறும் காலோடு நீங்கள் நின்று பாருங்கள், பிறகு நாயை நிறுத்தலாம்.

ஆடிக் காற்று

பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற அடியில் நாயின் காது உள்புறம் வெளியாகப் புரண்டுவிடும். முகத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தினால் மயிர் பின்னோக்கிப் படியும், காதும் ஒழுங்காக இருக்கும். உடுமலை, பல்லடம் பக்கம் எடுப்பதானால் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுங்கள்; தலையில் காற்றாலை முளைத்த நாய்களை நிறையப் பார்த்துவிட்டேன்.