ஆயிரம் துண்டு ஜிக்சா: சேர்ப்பதும் எடைபோடுவதும்

துண்டுகளாக வெட்டிய படத்தை மறுபடி சேர்க்கும் ஜிக்சா பசிலை வாங்கும்போது கண் முதலில் போவது மூடியில் இருக்கும் படத்துக்கு. ஆனால் பத்து மணி நேரம் நம்மோடு இருக்கப்போவது அட்டையும், துண்டுகளை வெட்டியிருக்கும் விதமும். இரண்டையும் பெட்டியைத் திறக்காமல் பார்க்க முடியாது. அதனால்தான் நல்ல விமர்சனம் தேவைப்படுகிறது. அதை எழுத நினைப்பவர் எல்லாவற்றையும் முடித்துவிட்டு உட்கார்ந்து யோசித்தால் பாதி மறந்திருக்கும். சேர்க்கும்போதே அளந்து, குறித்துக்கொண்டே போக வேண்டும். கீழே வருவதெல்லாம் 1000 துண்டுக் கணக்கு.

வாங்கும் முன்

பெட்டியின் பக்கவாட்டில் முடித்த அளவு அச்சிட்டிருக்கும். 1000 துண்டுக்கு வழக்கமான அளவு ஏறக்குறைய 70 × 50 செ.மீ. துண்டு ஒன்றுக்கு 3.5 சதுர செ.மீ. கிடைக்கிறது. இணையக் கடைகளில் மலிவாக வரும் சிலவற்றில் அதே ஆயிரமும் 38 × 26 செ.மீ.க்குள் முடிந்துவிடும். துண்டு ஒன்று சுண்டுவிரல் நகம் அளவுதான். படத்தை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

படத்தைப் பொறுத்தவரை, நிறங்கள் பிரிந்து நிற்கிறதா, எழுத்துகள், கோடுகள், சட்டகங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைத்தெரு, புத்தக அலமாரி, அஞ்சல்தலைத் தொகுப்பு போன்றவை சுலபம். பாதிப் படம் வானமும் கடலுமாக இருக்கும் புகைப்படம் கடினம். படமே இல்லாமல் ஒரே நிறத்தில் வருபவையும் உண்டு. ஜெர்மன் நிறுவனமான ராவன்ஸ்பர்கரின் கிரிப்ட் வரிசையில் வெள்ளி நிறத்தில் 654 துண்டு பசில் ஒன்று இருக்கிறது. முதல் பசிலாக அதை யாருக்கும் பரிசளித்துவிடாதீர்கள்.

பெட்டியில் ஓவியர் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்கள் இப்போது நிறைய வருகின்றன. படிக்க முடியாத பெயர்ப்பலகை, எங்கும் போய்ச் சேராத படிக்கட்டு, ஆறு விரல் கை இவையெல்லாம் சுவரில் மாட்டிய படத்தில் கண்ணுக்குத் தப்பலாம். ஒவ்வொரு அங்குலத்தையும் மணிக்கணக்கில் உற்றுப் பார்க்கும் பசில்காரரிடம் தப்பாது.

இடம், பலகை, வெளிச்சம்

முடித்த அளவுக்கு மட்டும் இடம் ஒதுக்குவது முதல் தவறு. துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பினால், முடித்த பரப்பைப் போல ஏறக்குறைய 1.73 மடங்கு இடம் பிடிக்கும். 70 × 50 என்றால் 3500 சதுர செ.மீ.; பரப்ப இன்னொரு 6000. இரண்டும் சேர்ந்தால் 120 × 80 செ.மீ. மேசை. அவ்வளவு பெரிய மேசை எல்லார் வீட்டிலும் இருக்காது. 75 × 55 செ.மீ. பலகை ஒன்றும், துண்டுகளைப் பரப்ப ஐந்தாறு தாம்பாளங்களோ அட்டைப்பெட்டி மூடிகளோ இருந்தால் போதும். தட்டுகளை அடுக்கி வைக்கலாம், பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளலாம்.

பலகைக்கு 4 மி.மீ. பிளைவுட் அல்லது எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) நல்லது. சுருட்டி வைக்கும் ஃபெல்ட் விரிப்புகள் விற்கிறார்கள். இறுக்கமான வெட்டுள்ள பசிலுக்கு அவை சரி. தளர்வான வெட்டாக இருந்தால் சுருட்டும்போது பிரிந்துவிடும். சேர்த்த பகுதியைத் தள்ளி நகர்த்தவும் ஃபெல்ட் விடாது.

மஞ்சள் விளக்கில் வெள்ளையும் சந்தன நிறமும் ஒன்றாகத் தெரியும். 4000 முதல் 5000 கெல்வின் (வெள்ளொளி) எல்இடி விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். தலைக்கு மேல் விளக்கு இருந்தால் பளபளப்பான அட்டையில் கண் கூசும். விளக்குக்குக் கீழே மின்விசிறி சுற்றினால் அந்த நிழலாட்டத்தில் அரை மணி நேரத்தில் தலை வலிக்கும்.

பெட்டியைத் திறந்ததும்

பையை வெட்டி, துண்டுகளை ஓட்டை பெரிதான சல்லடையிலோ காய் கழுவும் அரிகூடையிலோ கொட்டி, செய்தித்தாள் மேல் மெதுவாகக் குலுக்குங்கள். அட்டைத் தூள் கீழே விழும். அதைத் துடைத்துவிடும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விமர்சனத்தின் முதல் சான்று அது. தூள் நிறைய வந்தால் வெட்டும் டையின் முனை மழுங்கியிருக்கிறது. டை என்பது எஃகுப் பட்டைகளை வளைத்துச் செய்த அச்சு. கூர் போனதும் அட்டையை வெட்டாமல் நசுக்கிக் கிழிக்கும்.

ஒன்றோடொன்று ஒட்டியபடியே வரும் துண்டுகளைப் பிய்த்து இழுக்க வேண்டாம். பின்பக்கமாக லேசாக மடக்கினால் பிரியும். இழுத்தால் மேலே ஒட்டிய படத்தாள் உரிந்து வரும்.

பிறகு எல்லாவற்றையும் படம் மேலே தெரியும்படி திருப்ப வேண்டும். முக்கால் மணி நேர வேலை. அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் குறுக்குவழி கிடையாது. திருப்பும்போதே ஓரத் துண்டுகளை ஒரு தட்டிலும், மற்றவற்றை நிறத்தையோ இழையையோ பார்த்து ஐந்தாறு தட்டுகளிலும் பிரியுங்கள். முதல் சுற்றிலேயே பதினைந்து வகையாகப் பிரிக்க முயன்றால் ஒவ்வொரு துண்டுக்கும் யோசிக்க வேண்டியிருக்கும், வேகம் போய்விடும். நுணுக்கமான பிரிப்பு அந்தந்தத் தட்டைக் கையில் எடுக்கும்போது போதும்.

ஓரம்

பெட்டியில் 1000 என்று போட்டிருந்தாலும் உள்ளே சரியாக ஆயிரம் இருக்க வேண்டும் என்பதில்லை. வரிசைக்கு 40, நிரலுக்கு 25 என்று வெட்டியிருந்தால் ஆயிரம். 38 × 27 வெட்டும் பரவலாக உண்டு. அதில் 1026 துண்டுகள். இரண்டிலும் ஓரத் துண்டுகள் 126தான். ஆகவே ஓரத்தட்டை எண்ணிப் பார்த்தால் இன்னும் எத்தனை ஒளிந்திருக்கின்றன என்பது தெரிந்துவிடும். ஐந்தாறு குறைந்தால் மற்ற தட்டுகளைக் கிளறிக்கொண்டு உட்காராதீர்கள். அவை தாமே வரும்.

ஓரச் சட்டகம் மூடவில்லை என்றால் எதிரெதிர்ப் பக்கங்களை எண்ணுங்கள். மேலே 40, கீழே 39 என்றால் ஒன்று காணவில்லை, அல்லது எங்கோ தவறான துண்டு உட்கார்ந்திருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்தும் மூலை சேரவில்லையா? இரண்டு துண்டுகள் இடம் மாறியிருக்கும். ஓரத்தில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் ஓரத் துண்டைப் பக்கத்துத் துண்டோடு பிணைப்பது ஒரே ஒரு குமிழ்தான், அதாவது துருத்தி நிற்கும் முனைதான்.

ஓரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. நான்கு பக்கமும் ஒரே கறுப்பாக இருக்கும் படத்தில் ஓரத்தைக் கடைசிக்கு விடுவதே புத்திசாலித்தனம்.

உள்ளே

எழுத்து, முகம், நேர்கோடு, நிறம் சட்டென்று மாறும் எல்லை என்ற வரிசையில் போங்கள். ஒவ்வொரு பொருளையும் தனித் தீவாகச் சேர்த்து, பிறகு தன் இடத்துக்கு நகர்த்தலாம். 2011இல் வியட்நாமின் ஹோ சி மின் நகரில் பொருளாதாரப் பல்கலைக்கழக மாணவர்கள் 5,51,232 துண்டுகள் கொண்ட பசிலைச் சேர்த்ததும் இந்த வழியில்தான். அதை 3,132 பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு 176 துண்டாகச் சேர்த்துக் கடைசியில் இணைத்தார்கள். வீட்டில் தீவைத் தூக்கிவைக்கத் தோசைத்திருப்பியே போதும். பெரிய தீவுக்கு அடியில் மெல்லிய அட்டையைச் செருகித் தூக்குங்கள்.

மூடியில் இருக்கும் படத்தின் ஓரங்கள் பல சமயம் கத்தரிக்கப்பட்டிருக்கும். பெட்டிக்குள் பெரிய சுவரொட்டி வைத்திருந்தால் அதையே பாருங்கள். இல்லாவிட்டால் ஓரத்துத் துண்டு ஒன்றைத் தேடிக்கொண்டு மூடியையே வெறித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

உண்மையான சோதனை கடைசி 200 துண்டுகளில். வானமோ புல்வெளியோ மட்டும் மீதி இருக்கும், நிறம் கைகொடுக்காது. இப்போது வடிவம் பார்த்துப் பிரியுங்கள். கட்டக் கட்டமாக வெட்டிய பசிலில் ஒவ்வொரு பக்கமும் குமிழாகவோ குழியாகவோதான் இருக்க முடியும் என்பதால் உள்துண்டுகள் ஆறே வகை: நான்கும் குமிழ், மூன்று குமிழ் ஒரு குழி, எதிரெதிராக இரண்டு குமிழ், அடுத்தடுத்து இரண்டு குமிழ், ஒரு குமிழ் மூன்று குழி, நான்கும் குழி. வகைக்கு ஒரு வரிசையாக, எல்லாம் ஒரே திசை பார்த்து இருக்கும்படி அடுக்குங்கள். மூன்று பக்கம் அடைபட்ட காலியிடத்தை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்குரிய வரிசையை ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். கையில் கிடைத்ததை எடுத்து முயல்வதைவிட இது வேகமானது, ஏனென்றால் ஒருமுறை தோற்ற துண்டு அதே இடத்துக்குத் திரும்ப வராது. சில டைகளில் கிட்டத்தட்ட எல்லாத் துண்டுகளும் மூன்றாவது வகையாகவே வரும். அப்போது உடலைப் பாருங்கள்: அகலமா, குறுகலா, குமிழின் கழுத்து ஒருபக்கம் சாய்ந்திருக்கிறதா?

பொருந்துவது போலப் பொருந்தி ஏமாற்றும் துண்டுதான் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய தொல்லை. ஒரே வடிவ வளைவுகள் ஒரு டையில் திரும்பத் திரும்ப வந்தால் இது நேரும். ஐயம் வந்தால் சேர்த்த நாலைந்து துண்டுகளைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடியுங்கள். சரியான இணைப்பில் ஒளிக்கீற்று எல்லாப் பக்கமும் ஒரே அளவாக, மயிரிழையாகத் தெரியும். தவறான இணைப்பில் ஒரு முனையில் மட்டும் வெளிச்சம் ஒழுகும். பின்பக்கத்தை விரலால் தடவினாலும் மேடுபள்ளம் தெரியும். அழுத்தி உட்காரவைக்க வேண்டியிருந்தால் அது பெரும்பாலும் அந்த இடத்துத் துண்டே இல்லை.

ஒரு நிறுவனம் ஒரே டையைப் பல படங்களுக்குப் பயன்படுத்துவது வழக்கம். ஒரு பசிலின் துண்டு இன்னொன்றில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். டிம் கிளைன் என்ற அமெரிக்கக் கலைஞர் இப்படி இரண்டு பசில்களைக் கலந்து புதுப் படங்களையே உருவாக்குகிறார். நமக்கு இதில் கிடைக்கும் பாடம், ஒரே நிறுவனத்தின் இரண்டு பெட்டிகளை ஒரே மேசையில் திறக்கக்கூடாது.

துண்டு காணாமல் போனால்

முடிக்கும்வரை தேட வேண்டாம். தொலைந்ததாக நினைத்தது பெரும்பாலும் வேறு இடத்தில் தவறாக உட்கார்ந்திருக்கும். முடிந்த பிறகும் ஓட்டை இருந்தால் பெட்டி மூடியின் மடிப்பு, பலகையின் அடி, சட்டைக் கை, துடைப்பம் படும் மூலை எல்லாம் பாருங்கள். சில நிறுவனங்கள் மாற்றுத் துண்டு அனுப்புகின்றன. பெட்டிக்குள் இருக்கும் சின்னச் சீட்டின் எண்ணைக் கேட்பார்கள் என்பதால் அதை எறியாதீர்கள்.

நாமே செய்யவும் முடியும். ஓட்டையின் மேல் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் விளிம்பு பதியும். அதை அதே தடிமன் அட்டையில் ஒட்டி, கூரான பிளேடால் கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டி, உட்காரும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். நிறம் தீட்டுவது அவரவர் கைவண்ணம்.

எடைபோடுவது

தடிமனைக் கண்ணால் சொல்லாதீர்கள். பத்துத் துண்டுகளை அடுக்கி, வெர்னியர் அளவியில் அளந்து, பத்தால் வகுங்கள். 1.8 முதல் 2 மி.மீ. வந்தால் நல்ல அட்டை. 1.5க்குக் கீழே போனால் துண்டை எடுக்கும்போதே வளையும். இறுக்கத்துக்குப் பத்துக்குப் பத்து துண்டு அளவில் ஒரு பகுதியைச் சேர்த்து ஒரு விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். தொங்காமல் வந்தால் இறுக்கம், நடுவில் உடைந்தால் நடுத்தரம், நுனியில் பிடித்த துண்டு மட்டும் கையில் வந்தால் தளர்வு. எத்தனை முறை ஏமாற்றுத் துண்டு உட்கார்ந்தது என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணி வையுங்கள். “கொஞ்சம் ஏமாற்றியது” என்பதைவிட “ஏழு முறை” என்பது படிப்பவருக்கு உதவும். மழைக்காலத்தில் அட்டை ஈரம் குடித்து உப்பும், அதே பசில் இறுக்கமாகத் தோன்றும். எந்த மாதம் சேர்த்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

படத்தாள் மூலைகளில் உரிகிறதா, அச்சு மூடிப் படத்தைவிட இருண்டிருக்கிறதா, மேற்பரப்பு பளபளப்பா, துணி இழை போன்றதா என்பதும் வேண்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அளவுகோலோடு துண்டின் நெருக்கமான படம் ஒன்று, பின்பக்கம் ஒன்று போதும்.

நேரம் சொல்வதானால் எத்தனை பேர் சேர்த்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் வழக்கமான வேகத்தோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள். மணிக்கு 125 துண்டு சேர்ப்பவர் ஒரு பசிலில் 80க்கு இறங்கினால் அது கடினமான பசில். ஸ்பெயினின் வயாடோலிட் நகரில் 2019இல் தொடங்கிய உலக ஜிக்சா போட்டியில் தனிநபர் பிரிவுக்கு 500 துண்டு கொடுக்கிறார்கள். அங்கே முதலிடம் பிடிப்பவர்களின் நேரத்தை அளவுகோலாக வைத்து வீட்டுப் பசிலை மதிப்பிடுவது யாருக்கும் பயன்படாது.

ஒரு துண்டு குறைந்ததற்காக நட்சத்திரத்தைக் குறைப்பதும் நியாயம் இல்லை. அது ஒரு பெட்டியின் குறை. மூன்று பெட்டிகளில் அப்படி என்றால் எழுதலாம். பழைய பசில் வாங்கியிருந்தாலோ, நிறுவனம் இலவசமாக அனுப்பியிருந்தாலோ முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

மாதிரிக்கு ஒன்று: “38 × 27 கட்டம், 1026 துண்டு, அட்டை 1.9 மி.மீ. தூள் ஒரு தேக்கரண்டி. பத்துக்குப் பத்து தூக்கியதில் உடையவில்லை. நீலக் கூரைப் பகுதியில் ஏமாற்று நான்கு. மேற்பரப்பு பளபளப்பு, மேல்விளக்கில் கூசுகிறது. தனியாக 11 மணி நேரம். என் வழக்கம் 8.” படிப்பவர் வாங்கலாமா வேண்டாமா என்று இதிலிருந்து தாமே முடிவெடுத்துக்கொள்வார்.

முடித்த பிறகு

ஒட்டி மாட்டுவதென்றால் அடியில் வெண்ணெய்த் தாள் விரியுங்கள், இல்லாவிட்டால் இடுக்கு வழியே ஒழுகும் பசை மேசையோடு ஒட்டிவிடும். வெள்ளைப் பசை இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு. பழைய அட்டையால் மெல்லியதாக இழுத்துப் பூசி, காய்ந்ததும் இரண்டாம் பூச்சு. ஒரேயடியாக ஊற்றினால் அட்டை ஈரம் குடித்து வளைந்து அப்பளமாகும். விமர்சகருக்கு ஒட்டுவது ஆகாது. ஐயம் வந்தால் மறுபடி சேர்த்துப் பார்க்க முடியாது.

பிரித்து வைப்பதென்றால் துண்டுகளை ஜிப் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள். முடித்த தேதியையும் “முழுமை” அல்லது “ஒன்று குறைவு: மேலிருந்து 9ஆம் வரிசை, இடமிருந்து 14” என்பதையும் ஒரு சீட்டில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். இரவல் வாங்கிப் போகிறவர் சோபாவுக்கு அடியில் தேட வேண்டியிருக்காது.