ராஜபாளையம் குட்டி வாங்குகிறீர்களா? முதலில் கை தட்டிப் பாருங்கள்

மதுரைக்காரர்களுக்கு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாமே எட்டும் தூரத்து நாய்கள்தான். வேட்டைக்கும் காவலுக்கும் எது தோதோ அதைப் பார்த்து வளர்த்து வந்தவை என்பதால் உயரமும் நிறமும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அது குறையில்லை. லாப்ரடார், பக் போன்றவற்றை உருவம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்து, அதைப் பார்த்தே பெருக்குகிறார்கள். அந்தச் சப்பை மூக்கோடு பக் சித்திரை வெயிலில் மூச்சு வாங்குவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

ராஜபாளையத்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது காது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு என்று நிறத்தையே குறிவைத்துப் பெருக்கியதில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகளும் வருகின்றன. (அழகுக்காக மட்டும் பெருக்கினால் நாட்டு நாய்க்கும் இதே கதிதான்.) குட்டியைத் தனியாகப் பிரித்து, அது பார்க்காதபோது பின்னால் தள்ளி நின்று கை தட்டுங்கள். மற்ற குட்டிகளோடு இருந்தால் அவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது.

அப்புறம், சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு லேசாகத் தெரிவது இயல்பு. பட்டினி என்று நினைத்துச் சோற்றை அள்ளி வைக்காதீர்கள். தெருவில் ஆடு, கோழி திரிந்தால் கயிறு இல்லாமல் வெளியே விடவே கூடாது.