ஒலிம்பிக் தங்கம் வாங்குன பாக்ஸர் ப்ரோல தேறுவாரா? முன்னாடியே மோப்பம் புடிக்கறது எப்படி

2022 மே மாசம் டோனி யோக்காவ நம்பி ஃப்ரெண்டுகிட்ட ரெண்டு மட்டன் பிரியாணி பந்தயம் கட்டி தோத்தவன் நான், அதனால இத அடிபட்டவன் சொல்றதா எடுத்துக்கோங்க. யோக்கா ரியோ 2016ல சூப்பர் ஹெவிவெயிட் தங்கம், ஃபைனல்ல ஜோ ஜாய்ஸ ஜெயிச்சவரு, ப்ரோல (காசுக்கு ஆடற தொழில்முறை பாக்ஸிங்ல) 11 ஃபைட் 11 வெற்றி, ஆளும் பாக்க சிலை மாதிரி. அன்னிக்கி பாரீஸ்ல மார்ட்டின் பகோலே மொத ரவுண்டுலயே கீழ உக்கார வெச்சாரு, அஞ்சாவதுல இன்னொரு தடவ. அப்புறம் தக்காம், மெர்ஹினு அதோட சேத்து வரிசையா மூணு தோல்வி. பந்தயம் கட்றதுக்கு முன்னாடி கீழ சொல்றதயெல்லாம் பாத்துருந்தா பிரியாணி காசு மிஞ்சிருக்கும்.

மொதல்ல மெடல் எந்த வருஷம்னு பாருங்க. 1988 சியோல்ல ராய் ஜோன்ஸ் ஜூனியர் ஊரே பாக்க ஜெயிச்ச ஃபைனல தோத்துட்டாருன்னு அறிவிச்சாங்கல்ல, அந்த அசிங்கத்துக்கு அப்புறம்தான் 1992லருந்து கம்ப்யூட்டர் ஸ்கோரிங் வந்துச்சு, லண்டன் 2012 வரைக்கும் ஒலிம்பிக்ல அதான். அஞ்சு ஜட்ஜ் கையிலயும் பட்டன், மூணு பேராவது ஒரே செகண்டுக்குள்ள அமுக்குனாதான் ஒரு பாயிண்ட். எதிராளிய கீழ தள்ளுனாலும் அதுக்குன்னு தனி பாயிண்ட் கெடையாது, வயித்துல விழற குத்து பாதி நேரம் ஜட்ஜ் கண்ணுக்கே தெரியாது. அப்ப என்ன பண்ணுவாங்க, நீளமா கைய நீட்டி தொட்டுட்டு பின்னாடி ஓடறதுதான் லாபம். அப்படி வாங்குன தங்கம் வேகத்தையும் தூரத்தையும் காட்டும், அடி வாங்குனா ஆள் என்ன ஆவாருன்னு காட்டவே காட்டாது.

இதுக்கு ஆட்லி ஹாரிசன விட நல்ல கேஸ் கெடைக்காது. சிட்னி 2000 ஃபைனல்ல 30-16, ரெண்டு நிமிஷ ரவுண்டு நாலு, மொத்தம் எட்டே நிமிஷம். அடுத்த வருஷமே பிபிசி பத்து ஃபைட்டுக்கு பத்து லட்சம் பவுண்டு குடுத்துச்சு. ப்ரோல மொத ஃபைட் வெம்ப்ளில, எதிர்ல நின்னவரு ஃப்ளோரிடால பிரைவேட் டிடெக்டிவ் வேலை பாத்தவரு, ஒரே ரவுண்டுல முடிஞ்சுது. இப்படியே வண்டி ஓடி 2005 கடைசில டேனி வில்லியம்ஸ்கிட்ட மொத தோல்வி, நாலே மாசத்துல டொமினிக் கின்கிட்ட அடுத்தது. ஆட்லிய ‘ஃப்ராட்லி’ன்னு (ஃப்ராடு ஆட்லி) பேரே வெச்சுட்டாங்க பாவம்.

2010 நவம்பர்ல மான்செஸ்டர்ல டேவிட் ஹேயோட டைட்டில் ஃபைட், இத சவுண்ட ஆஃப் பண்ணிட்டு பாருங்க. ஹாரிசன் முன் கைய நீட்டி வெச்சுக்கறாரு, தோள் துடிக்குது, குத்து மட்டும் வரவே மாட்டேங்குது. ரெண்டு ரவுண்டு அப்படியே போச்சு, கூட்டம் ஊளை விடுது, மூணாவதுல ஹே மேல ஏறி வந்தாரு, முடிஞ்சுது. மொத்த ஃபைட்லயும் ஹாரிசன் எதிராளி மேல பதிச்ச குத்து ஒண்ணே ஒண்ணுன்னு கணக்கு எடுத்தவங்க சொன்னாங்க. பிரிட்டிஷ் பாக்ஸிங் போர்டு ஹாரிசன் சம்பளத்த நிறுத்தி வெச்சு விளக்கம் கேக்கற அளவுக்கு போச்சு.

ரெண்டாவது வயசு. ஹாரிசன் ப்ரோல எறங்கும்போது 29, நம்ம விஜேந்தர் சிங்கும் 2015ல மான்செஸ்டர்ல எறங்கும்போது 29. சுகர் ரே லெனர்ட் 20. இருபது வயசு பையன் தப்பு பண்ணி, தோத்து, கத்துக்க நேரம் இருக்கு, முப்பத நெருங்குனவருக்கு பழகுன காலும் கையும் அவ்ளோ சுலபமா மாறாது.

மூணாவதுதான் எனக்கு புடிச்ச வேலை, அஞ்சு நிமிஷம் போதும். பாக்ஸ்ரெக்ல (பாக்ஸர்ங்க ரெக்கார்ட் எல்லாம் இருக்கற வெப்சைட்) ஆளோட பக்கத்த தொறந்து அவரோட வெற்றிய பாக்காதீங்க, எதிராளி பேருக்கு பக்கத்துல இருக்கற கணக்க பாருங்க, கடைசி ஆறு ஃபைட்டும் கலர்ல இருக்கும், பச்சைன்னா ஜெயிச்சுது, செவப்புன்னா தோத்தது. பதினஞ்சு ஃபைட் தாண்டியும் எதிராளிங்க வரிசை செவப்பு செவப்பாவே இருந்தா ப்ரொமோட்டர் ஆள பொத்தி பொத்தி வளக்கறாருன்னு அர்த்தம். அப்படியே எட்டு ரவுண்டு பத்து ரவுண்டு எத்தன தடவ போயிருக்காருன்னும் எண்ணிக்கோங்க, எல்லாம் ரெண்டு மூணு ரவுண்டுல முடிஞ்சிருந்தா சந்தோஷப்படாதீங்க, டைட்டில் ஃபைட் 12 ரவுண்டு, 36 நிமிஷம். விஜேந்தர் 12க்கு 12 ஜெயிச்சு வெச்சிருந்தாரு, 2021 மார்ச்ல கோவா பஞ்சிம்ல கேசினோ கப்பல் மேல் தளத்துல ரஷ்யாக்காரர் ஆர்திஷ் லோப்சன் அஞ்சாவது ரவுண்டுல முடிச்சு வுட்டாரு (2019 நவம்பருக்கு அப்புறம் விஜேந்தர் ரிங்லயே ஏறலங்கறதும் உண்மைதான், கொரோனா). செவப்பு வரிசைக்கு அமெரிக்க கேஸ் வேணும்னா டுவேன் பாபிக், 1972 ஒலிம்பிக் ஆள், தங்கம் வாங்கல. 38 ஃபைட் 38 வெற்றி, 1977ல மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல கென் நார்ட்டன் முன்னாடி 58 செகண்டு. அவ்ளோதான்.

நாலாவது, வீடியோ. ஹைலைட்ஸ் பாக்கவே பாக்காதீங்க, அதுல எல்லாரும் சூரர்தான். முழு ஃபைட்ட போட்டு ஏழாவது ரவுண்டுக்கு தள்ளுங்க, அங்கருந்து நம்ம ஆள் நல்ல குத்து ஒண்ணு வாங்கற எடத்துக்கு வாங்க. வாங்குன அடுத்த மூணு செகண்டுதான் பரீட்சை: கட்டிப்புடிக்கறாரா, பக்கவாட்டுல நகர்றாரா, திருப்பி குடுக்கறாரா, இல்ல நேரா பின்னாடியே போறாரா. நேரா பின்னாடி போறவரு பாயிண்ட் பாக்ஸிங்ல தப்பிச்சுருவாரு, தலைக்கவசம் இல்லாம நிக்கும்போது மாட்டுவாரு.

ஹோவர்ட் டேவிஸ் ஜூனியர் இதுல மனசு கஷ்டப்படுத்துற கேஸ். 1976 மான்ட்ரியல், போட்டிக்கு கொஞ்சம் முன்னாடி அம்மா இறந்துட்டாங்க, இருந்தும் தங்கம், அந்த ஒலிம்பிக்கோட சிறந்த பாக்ஸருக்கான வால் பார்க்கர் கோப்பையும் அவருக்குத்தான், லெனர்டும் ஸ்பிங்க்ஸ் பிரதர்ஸும் அதே டீம்ல இருக்கும்போது! ஆனா அவங்க மூணு பேரும் ப்ரோ சாம்பியன், இவரு கடைசி வரைக்கும் ஆகல. 1980ல கிளாஸ்கோல ஜிம் வாட்கிட்ட தோல்வி. 1984ல எட்வின் ரொசாரியோகூட 12 ரவுண்டு, கடைசி செகண்டுகள்ல ஒரு குத்து வாங்கி கீழ விழுந்தாரு, ஸ்ப்ளிட் டிசிஷன்ல (மூணு ஜட்ஜ்ல ரெண்டு பேர் எதிராளி பக்கம்) பெல்ட் கெடைக்காம போச்சு. என்னய கேட்டா இவர ஹாரிசன்கூட ஒரே லிஸ்ட்ல போடறதே பாவம்.

இன்னொண்ணு, அமெச்சூர்ல (ப்ரோ ஆகறதுக்கு முன்னாடி) இவங்க யார ஜெயிச்சாங்கன்னு சொல்லி மயங்காதீங்க, தோத்தவர் பேரயும் குறிச்சு வெச்சுக்கோங்க. டேவிஸ்கிட்ட தோத்தவரு ஆரோன் ப்ரயர், பாபிக்கிட்ட தோத்தவரு லாரி ஹோம்ஸ், 1984ல ஹென்றி டில்மன்கிட்ட ரெண்டு தடவ தோத்தவரு மைக் டைசன், தோத்த மூணு பேரும் பின்னாடி ப்ரோ சாம்பியன். 1990ல டைசன் அதே டில்மன மொத ரவுண்டுலயே படுக்க வெச்சாரு.

இதெல்லாம் படிச்சுட்டு ஒலிம்பிக் ஆளுன்னாலே வேஸ்டுன்னு கெளம்பிராதீங்க. லோமசென்கோ 2008, 2012 ரெண்டு தங்கமும் அந்த பட்டன் காலத்துல வாங்குனதுதான். ரெண்டாவது ப்ரோ ஃபைட்லயே சலிடோ எடையே சரியா வராம வந்து, இடுப்புக்கு கீழயும் குத்தி, மேல சாஞ்சு படுத்தி ஜெயிச்சுட்டாரு. ஆனா அந்த ஃபைட்லயே 12வது ரவுண்டுல சலிடோவ ஆட்டம் காண வெச்சது லோமசென்கோதான், அடுத்த ஃபைட்லயே பெல்ட்டும் வந்துருச்சு. அதனால மொத தோல்விக்கு அப்புறம் உடனே தீர்ப்பு எழுதாம அடுத்த ஃபைட்ட பாருங்க, எதிராளி யாருன்னு பாருங்க. யோக்காவுக்கு நான் அந்த சலுகையும் குடுத்தேன், தக்காம் ஃபைட்டுக்கு மறுபடி பந்தயம், இந்த தடவ பரோட்டா சால்னாவோட நிறுத்திக்கிட்டேன்.