அணு ஆயுத ஒழிப்பைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹிரோஷிமா நாளையொட்டிப் புதுச்சேரியில் நடந்த மாணவர் பேச்சுப் போட்டி ஒன்றில் நடுவராக உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "எல்லா நாடுகளும் சேர்ந்து எல்லாக் குண்டுகளையும் உடைத்துப் போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்டாள். அரங்கில் சிரிப்பு எழுந்தது. அவள் முகம் வாடி, மீதிப் பேச்சை மறந்து இறங்கிவிட்டாள்.

அந்தச் சிரிப்புதான் முதல் தவறு. 1986இல் உலகில் ஏறத்தாழ 70,000 அணு ஆயுதங்கள் இருந்தன. இன்று சுமார் 12,000. உடைக்கவே முடியாது என்றால் மற்றவை எங்கே போயின? 1993இல் அமெரிக்காவும் ரஷ்யாவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, சுமார் 20,000 குண்டுகளுக்குப் போதுமான 500 டன் ரஷ்ய யுரேனியம் செறிவு குறைக்கப்பட்டு அமெரிக்க அணுமின் நிலையங்களுக்கு எரிபொருளானது. 2013 வரை இருபது ஆண்டுகள் இந்த வேலை நடந்தது. அமெரிக்க நகரங்களைக் குறிவைத்திருந்த குண்டுகள் அமெரிக்க வீடுகளில் விளக்கெரித்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அந்தப் பெண்ணின் கேள்வியில் சிரிக்க ஒன்றுமில்லை.

அடுத்த தவறு, நியாயத்தையும் சாத்தியத்தையும் ஒன்றாகக் குழப்புவது. "இது அநியாயம், ஆகவே நடக்காது" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். அநியாயம் உண்மைதான். 1970இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், 1967 ஜனவரி 1க்கு முன் குண்டு வெடித்துக் காட்டிய ஐந்து நாடுகளை மட்டுமே அணு ஆயுத நாடுகளாக ஏற்கிறது. பிரான்ஸ் 1960இல் வெடித்தது, உள்ளே இருக்கிறது. இந்தியா 1974இல் வெடித்தது, கையெழுத்திட மறுத்து வெளியே நிற்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற சொல்தா குடும்பங்களில் அண்ணன் பாரிசுக்கு வாக்களிப்பார், தம்பி டெல்லிக்கு வாக்களிப்பார். ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும் இருவரில் ஒருவருடைய அரசின் குண்டு ஒப்பந்தப்படி செல்லும், மற்றவருடையது செல்லாது. காரணம், ஒரு தேதி.

ஆனால் அதே ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு, ஆயுத ஒழிப்புக்காக நல்லெண்ணத்துடன் பேச்சு நடத்தும் கடமையையும் சுமத்துகிறது. மற்ற நாடுகள் குண்டு வேண்டாம் என்று ஒப்புக்கொண்டதற்குக் கொடுத்த வாக்கு அது. இன்னும் நிறைவேறாத அந்த வாக்கைக் கேட்டு வாங்குவதற்குத்தான் அநியாயத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். நம் பேச்சாளர்கள் பலர் அதையே "அப்படியானால் நாமும் வைத்துக்கொள்வோம்" என்பதற்குச் சாக்காக்குகிறார்கள். 1988இல் ராஜீவ் காந்தி ஐக்கிய நாடுகள் அவையில், 2010க்குள் படிப்படியாக எல்லா அணு ஆயுதங்களையும் ஒழிக்கும் திட்டத்தை முன்வைத்தார் என்பதை நான் கேட்ட மேடைகளில் ஒருவரும் சொன்னதில்லை.

நியாயம் என்பதைக் குண்டு வைத்திருப்பவர்களுக்குள் நடக்கும் பங்காளிச் சண்டையாக மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. எனக்கு மிகவும் வலிக்கும் தவறு இது. பிரான்ஸ் தன் முதல் குண்டைத் தன் மண்ணில் வெடிக்கவில்லை. அல்ஜீரியப் பாலைவனத்தில் வெடித்தது. அங்கே 17 சோதனைகள், பிறகு பசிபிக் கடலில் பிரெஞ்சு பொலினீசியாவில் 193. அந்த முதல் சோதனை நடந்த 1960 பிப்ரவரியில் நம் புதுச்சேரி நடைமுறையில் இந்தியாவோடு இருந்தாலும், சட்டப்படி பிரெஞ்சு மண்தான். 1962இல்தான் முழுமையாக இணைந்தது. அல்ஜீரியாவுக்கு நேர்ந்தது நம்மைப் போன்ற இன்னொரு காலனிக்கு நேர்ந்தது. கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தைக் கடக்கும்போது எனக்கு அந்த மக்களின் நினைவு வருகிறது. இழப்பீட்டுக்கான சட்டத்தை பிரான்ஸ் 2010இல்தான் இயற்றியது.

"ஆளுக்குப் பாதியாகக் குறைக்கலாம்" என்பதும் நியாயம்போல ஒலிக்கும். ஐயாயிரத்துக்கு மேல் வைத்திருக்கும் ரஷ்யா பாதியைக் கொடுத்தாலும் உலகத்தை அழிக்கலாம். இருநூறுக்கும் குறைவாக வைத்திருக்கும் இந்தியாவும் பாகிஸ்தானும் பாதியைக் கொடுத்தால் கணக்கே வேறு. பெரியவர்கள் முதலில் இறங்கி வர வேண்டும்.

உக்ரைனைக் காட்டி, குண்டைக் கொடுத்தவன் கெட்டான் என்று வாதத்தை மூடுவதும் சரியல்ல. தன் மண்ணில் இருந்த சோவியத் குண்டுகளை உக்ரைன் ஒப்படைத்ததற்கு ஈடாக, அதன் எல்லைகளை மதிப்போம் என்று 1994 புடாபெஸ்ட் உடன்பாட்டில் ரஷ்யா தந்த உறுதிமொழி மீறப்பட்டது. அதை மழுப்பக் கூடாது. ஆனால் உக்ரைன் மண்ணில் இருந்த ஏவுகணைகளை ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவின் கையில் இருந்தது. தென்னாப்பிரிக்கா தானே செய்த ஆறு குண்டுகளைத் தானே பிரித்துப் போட்டு 1993இல் உலகுக்கு அறிவித்தது. அந்த நாட்டின் மீது யாரும் படையெடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆழமாக வேரூன்றிய தவறு, "நாடுகள் ஒன்றையொன்று நம்பினால்தான் இது நடக்கும்" என்பது. ஒரு மே மாதம் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் விலாவோடு விலா உரச வரிசையாகக் கட்டிக் கிடந்தன. பழைய மாணவன் ஒருவனின் தந்தை படகு நிழலில் உட்கார்ந்து, கால் விரலில் வலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலைக் கோத்துக்கொண்டிருந்தார். "மற்ற ஊர்க்காரர்கள் திருட்டுத்தனமாகப் போக மாட்டார்கள் என்று எப்படி நம்புகிறீர்கள்?" என்று கேட்டேன். "யார் நம்பினார்கள் ஐயா? இங்கே கிடக்கிற படகை எண்ணுகிறோம். பரங்கிப்பேட்டையில் கிடக்கிறதா, நாகையில் கிடக்கிறதா என்று போன் போட்டுக் கேட்கிறோம்" என்றார், ஊசியை நிறுத்தாமல்.

அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும், பின்னர் ரஷ்யாவும் செய்ததும் இதுதான். அமெரிக்கர்கள் தங்கள் பி-52 குண்டுவீச்சு விமானங்களை அரிசோனா பாலைவனத்தில் துண்டு துண்டாக வெட்டி, எதிராளியின் செயற்கைக்கோள் படமெடுத்துச் சரிபார்க்கும்படி 90 நாள் வெட்டவெளியில் போட்டு வைத்தார்கள். நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்க இரு நாடுகளும் செய்த 1987 ஒப்பந்தத்தின்படி 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. ரஷ்யாவின் வோட்கின்ஸ்க் ஏவுகணை ஆலையின் வாசலிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கிக் காவலிருந்தார்கள். நம்பிக்கை இல்லாததால்தான் இத்தனை ஏற்பாடு.

மீனவர் உவமையை அதற்கு மேல் இழுக்கக் கூடாது. தடையை மீறும் படகின் மீது நடவடிக்கை எடுக்க மீன்வளத்துறை இருக்கிறது, மேலே நீதிமன்றம் இருக்கிறது. நாடுகளுக்கு மேல் இருப்பது ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவை. அதில் ரத்து அதிகாரத்தோடு உட்கார்ந்திருப்பவை அந்த ஐந்து அணு ஆயுத நாடுகளே. 1987 ஒப்பந்தம் 2019இல் முறிந்தபோது தடுக்க யாருமில்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் களத்தில் நிறுத்திய குண்டுகளை ஆளுக்கு 1,550 என்று கட்டுப்படுத்திய கடைசி ஒப்பந்தமும் 2026 பிப்ரவரியோடு காலாவதியாகிவிட்டது. 2017இல் 122 நாடுகள் வாக்களித்து அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை நிறைவேற்றின. குண்டு வைத்திருக்கும் ஒரு நாடுகூட அதில் சேரவில்லை, இந்தியா உட்பட.

அடுத்த ஆண்டு அதே மாணவி மீண்டும் மேடையேறினாள். இந்த முறை அவள் கேட்டது: "விமானத்தை வெட்டிப் போட்டால் வானத்திலிருந்து தெரியும். பெட்டிக்குள் இருப்பது உண்மையான குண்டுதானா என்று, பெட்டியைத் திறக்காமல் எப்படித் தெரியும்?" திறந்து காட்டினால் குண்டு செய்யும் ரகசியம் வெளியே போய்விடும், காட்டாவிட்டால் வெறும் பெட்டியைக் கொடுத்து ஏமாற்றலாம். பிரிட்டனும் நார்வேயும் சேர்ந்து இதற்கு ஒரு கருவியைச் செய்து பார்த்திருக்கின்றன. அளந்த எண்களை எல்லாம் தனக்குள்ளேயே மறைத்துக்கொண்டு, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் விளக்கெரிந்து சொல்லும் கருவி. போட்டி முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு அதைப் பற்றிச் சொன்னேன். "அந்தக் கருவியைச் செய்தவர் பொய் விளக்கு எரியும்படி செய்திருந்தால், சார்?" என்றாள். விஞ்ஞானிகளும் இன்று அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள் என்றேன்.