குமரி மாவட்டத்தில் பறவை பார்க்கத் தொடங்குவது எப்படி: குளம், உப்பளம், காடு

குமரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சூரிய உதயம், படகு, பாறை என்று முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவர்களை விடுங்கள். நாகர்கோவில்காரர்களிலேயே பலர் சுசீந்திரம் குளத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அந்தக் குளமும் பக்கத்துத் தேரூர் குளமும் சேர்ந்து 2022-இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலையாக, அறிவிக்கப்பட்டன. முதன்முதலாகப் பறவை பார்க்கப் போகிறவருக்கு இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை. ரோட்டோரத்திலேயே இருக்கிறது, டிக்கெட் கிடையாது, பறவைகளும் பெரிய பெரிய பறவைகள்.

1. எப்போது போவது

வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கி மார்ச் வரை இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மறுகால் பாயும் அளவுக்குக் குளம் நிறைந்து கிடந்தால் நாரைக்கும் உள்ளானுக்கும் கால் ஊன்ற இடமிருக்காது. தண்ணீர் கொஞ்சம் இறங்கி, கரையோரம் சேறு தெரிய ஆரம்பித்த பிறகு போங்கள். காலண்டரைவிடக் குளத்தின் ஓரத்தைத்தான் நான் நம்புவேன்.

குளம் நிறைந்திருக்கிறதா? வயலுக்குப் போய்விடுங்கள். கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுவடை முடிந்து கும்பப்பூவுக்கு (இரண்டாம் போகம்) உழும்போது டிராக்டருக்குப் பின்னாலேயே உண்ணிக்கொக்கும் அரிவாள் மூக்கனும் நடந்து வரும். டிரைவரைக் கண்டு பயப்படாது, இறங்கி நடந்து வரும் நம்மைக் கண்டால்தான் எழும்பும். அதனால் வரப்பில் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுவது நல்லது.

2. பைனாகுலர்: இங்கேதான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள்

8x42 வாங்குங்கள் (8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில்). 10x50 இன்னும் பெரிதாகக் காட்டுமே என்பார்கள். காட்டும், கூடவே கையின் நடுக்கத்தையும் பெரிதாகக் காட்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவே முடியாது. 30x, 60x என்று எழுதி மலிவாக விற்கும் பொம்மைகளைத் தொடவே வேண்டாம்.

"வாங்கினேன், மங்கலாகத்தான் தெரிகிறது, தலை வலிக்கிறது" என்பவர்கள் பெரும்பாலும் வலது கண்ணருகே இருக்கும் சின்ன வளையத்தைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். நம் இரண்டு கண்ணுக்கும் பார்வை ஒன்றுபோல் இருக்காது. அந்த வித்தியாசத்தைச் சரிசெய்யத்தான் அந்த வளையம். வீட்டு மொட்டைமாடியிலேயே இதை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்:

தூரத்தில் எழுத்துள்ள ஒரு பலகையைத் தேர்ந்தெடுங்கள். வலது பக்கக் கண்ணாடியை முன்னாலிருந்து மூடியால் மறைத்து, இடது கண்ணால் பார்த்தபடி நடுச்சக்கரத்தைத் திருப்பி எழுத்தைக் கூர்மையாக்குங்கள். அடுத்து இடது பக்கத்தை மறையுங்கள். இப்போது நடுச்சக்கரத்தில் விரல் படக்கூடாது. வலது கண் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அவ்வளவுதான். அந்த வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பையில் உரசித் திரும்பிவிடும். இனி எந்தப் பறவைக்கும் நடுச்சக்கரம் மட்டும் போதும்.

(பிற்சேர்க்கை: மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் ஓரமெல்லாம் கறுப்பாகத் தெரிகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் குவளையை உள்ளே திருகி இறக்கிவிடுங்கள், அல்லது மடித்துவிடுங்கள். கண்ணாடி போடாதவர்கள் அதை வெளியே இழுத்து வைக்க வேண்டும்.)

3. தேரூரில் முதல் காலை

விடிந்ததும் அங்கே இருக்க வேண்டும். காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை: வெயில் நம் முதுகில் விழ வேண்டும். எதிர்வெயிலில் பூநாரைகூடக் கறுப்பாகத்தான் தெரியும்.

பைனாகுலரை எடுத்ததும் குளம் முழுக்கத் துழாவ வேண்டாம். வெறுங்கண்ணால் ஒரு பறவையைப் பிடியுங்கள், அதிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரை முகத்துக்குக் கொண்டுவாருங்கள். முதலில் மஞ்சள் மூக்கு நாரை: ஆரஞ்சு முகம், வால் பக்கம் ரோஜா நிற இறகு. பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டு இடமும் வலமும் அசைத்துக்கொண்டே நடக்கும், மீன் பட்டதும் அலகு மூடிக்கொள்ளும். நத்தை குத்தி நாரையின் மூடிய அலகிலோ நடுவே ஒரு இடைவெளி தெரியும். கூழைக்கடா, பாம்புத்தாரா, தாமரை இலைமேல் நீள விரல்களோடு நடக்கும் இலைக்கோழி ஆகியவற்றை யாரும் சொல்லித்தராமலே கண்டுபிடித்துவிடலாம்.

குழப்புவது வெள்ளைக் கொக்குகள்தான். அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்ன வெள்ளைக் கொக்கு. குட்டையான கழுத்து, மஞ்சள் அலகு, மாடு மேயும் இடம் என்றால் உண்ணிக்கொக்கு. உட்கார்ந்திருக்கும்போது மண் நிறமாக இருந்து, பறக்கும்போது திடீரென்று வெள்ளையானால் மடையான். மற்றவற்றை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

4. மணக்குடி, புத்தளம்

பழையாறு கடலில் சேரும் இடம் மணக்குடி. அலையாத்திச் செடிகளின் ஓரத்தில் மீன்கொத்தியும் ஆலாவும் உறுதி. புத்தளம் உப்பளத்தில் சில ஆண்டுகள் பூநாரைக் கூட்டம் இறங்கும், சில ஆண்டுகள் ஏமாற்றும். அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நெடுங்கால் உள்ளானும் பவளக்காலியும் பச்சைக்காலியும் போதாதா? கடைசி இரண்டுக்கும் காலின் நிறத்தைப் பார்த்தாலே போதும். கொசு உள்ளானை இப்போதைக்கு விட்டுவிடலாம், அனுபவசாலிகளே திணறுவார்கள்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழையுங்கள். பாத்தி வரப்பை மிதித்து உடைக்காதீர்கள். ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பிவிடும், எவ்வளவு நல்ல பைனாகுலர் இருந்தும் பயனில்லை.

5. காடு தனி நாளுக்கு

குளத்தையும் காட்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டுக்கும் அதிகாலைதான் வேண்டும். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 402 சதுர கிலோமீட்டர், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியது. யானை நடமாடும் இடம். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் போகிறவர்கள் எதுவரை அனுமதி என்று வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வழி அடைபடுவதுண்டு.

காட்டில் கண்ணைவிடக் காது உதவும். கருமந்தி, மலை அணில், இருவாச்சி எல்லாமே முதலில் சத்தமாகத்தான் வரும். பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் (Merlin) செயலி அதற்கு நல்ல துணை. ஆனால் நம் பகுதிக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துவிடுங்கள், ரப்பர் தோட்டம் தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது. அது சொல்லும் பெயரை அப்படியே எழுதிவிடவும் வேண்டாம். பறவையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் பட்டியலில் சேர்ப்பேன். அப்புறம் அட்டை: ஒரு துணியில் உப்பு முடிந்து வைத்துக்கொண்டால் போதும்.

6. பட்டியல்

பார்த்ததை, பறவைப் பட்டியல்களைச் சேர்த்து வைக்கும் ஈபேர்ட் (eBird) தளத்தில் ஏற்றுங்கள். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று எண்ணினாலே பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளலாம். ஜனவரியில் எப்படியும் லீவுதானே.