பூரிம் பண்டிகையின் விதிகளிலிருந்து அன்றாடப் பரிவைப் பழகும் முறை

யூதர்களின் பூரிம் பண்டிகை, அவர்களுடைய நாட்காட்டியில் ஆதார் மாதம் 14ஆம் நாள், அதாவது பெரும்பாலும் மார்ச் மாதத்தில், கொண்டாடப்படுகிறது. எருசலேம் போன்ற பழைய மதில் நகரங்களில் மட்டும் அது 15ஆம் நாளில் வரும். பாரசீகப் பேரரசில் வாழ்ந்த யூதர்களை ஒரே நாளில் அழித்துவிட அரசனின் முதன்மை அமைச்சன் ஆமான் வகுத்த சூழ்ச்சியை அரசி எஸ்தரும் அவளை வளர்த்த மொர்தெகாயும் முறியடித்த கதையே இப்பண்டிகைக்கு அடிப்படை. பரிவைக் கற்க விரும்புபவர் அந்தக் கதையோடு நின்றுவிடக் கூடாது. அதன் முடிவில் பெருமளவு இரத்தம் சிந்தப்படுகிறது; அந்தப் பகுதியை மறைத்துவிட்டு நன்னெறிக் கதையாகச் சொல்வது நேர்மையாகாது. நமக்குப் பயன்படுபவை அந்த நாளுக்கென வகுக்கப்பட்ட கடமைகள். இக்கதையைச் சொல்லும், விவிலியத்திலுள்ள எஸ்தர் நூலின் 9ஆம் அதிகாரம், விருந்தோடு, ஒருவருக்கொருவர் உணவு அனுப்புவதையும் ஏழைகளுக்குக் கொடுப்பதையும் கட்டளையாக்குகிறது. அக்கட்டளைகளைப் பிற்கால அறிஞர்கள் எப்படி விதிகளாக விரித்தார்கள் என்பதைப் பார்த்து, ஒவ்வொரு விதியும் எந்தக் குறையைத் தடுக்க எழுந்தது என்று கேட்டுக்கொள்வதே இங்கே பின்பற்றப்படும் முறை.

முதலில் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நண்பருக்கு இரண்டு உணவுப் பண்டங்கள், இரண்டு ஏழைகளுக்கு ஆளுக்கு ஒரு கொடை என்று, யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த பழம்நூலான தல்மூத் குறைந்த அளவை வரையறுக்கிறது. மனம் இளகும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் மாதங்கள் ஓடிவிடும். எண்ணிக்கை சிறியதாகவும் உறுதியாகவும் இருந்தால் தட்டிக்கழிக்க இடமிராது. வாரத்திற்கு ஒருவர், ஒரு வேளை உணவு என்பது போல, உங்கள் வருவாய்க்கு ஏற்ற ஓர் அளவை மாதத் தொடக்கத்திலேயே வீட்டில் முடிவு செய்யுங்கள்.

அடுத்து, அனுப்பும் பொருள். பூரிமில் அனுப்பப்படும் உணவு உடனே உண்ணத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது பல அறிஞர்களின் தீர்ப்பு. யாருடைய விருந்துக்கும் குறை நேரக் கூடாது என்பதே இவ்வழக்கத்தின் நோக்கம் என்று 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரபி (யூத மத ஆசான்) இஸ்ரயேல் இசர்லைன் விளக்கினார். நோயாளி இருக்கும் வீட்டுக்கோ பிள்ளை பெற்ற வீட்டுக்கோ அரிசியும் காய்கறியும் வாங்கிக் கொடுப்பது நல்லதுதான்; ஆனால் அடுப்பைப் பற்றவைக்க ஆளில்லாத வீட்டில் அது இன்னொரு வேலையாகிவிடும். சமைத்த உணவாக, திருப்பித் தர வேண்டாத பாத்திரத்தில் கொடுங்கள்.

16ஆம் நூற்றாண்டின் ரபி ஷ்லோமோ அல்காபெத்ஸ் வேறொரு காரணம் சொன்னார். யூதர்கள் சிதறிப் பிரிந்து கிடக்கும் மக்கள் என்று ஆமான் அரசனிடம் குற்றம் சாட்டியிருந்தான். அதற்கு மறுமொழியாக அவர்களிடையே நட்பை வளர்ப்பதே உணவு அனுப்புவதன் நோக்கம் என்பது அவர் கருத்து. இவ்விரு விளக்கங்களிலிருந்தும் ஒரு நடைமுறை வேறுபாடு பிறக்கிறது. வயிறு நிறைவது நோக்கமானால் அனுப்பியவர் பெயர் தெரிய வேண்டியதில்லை. நட்பு நோக்கமானால் பெயர் தெரிந்தே ஆக வேண்டும். ஆகவே பேச்சுவார்த்தை குறைந்துபோன உறவினருக்கு அனுப்பும்போது உங்கள் பெயரோடு அனுப்புங்கள். பணமுடையில் இருப்பவருக்குக் கொடுக்கும்போது, கூடுமானவரை பெயர் தெரியாமல் கொடுங்கள்.

இன்று பல ஊர்களில் பூரிம் கூடைகள் பெரிதாகிக்கொண்டே போய், யார் கூடை அழகு என்ற போட்டியாகிவிட்டன. நம் வீட்டு விசேஷங்களின் தாம்பூலப் பைகளுக்கு நேர்ந்ததும் இதுவே. 12ஆம் நூற்றாண்டிலேயே யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இதற்கு வரம்பு கட்டினார்: விருந்தையும் நண்பர்களுக்கு அனுப்புவதையும் பெருக்குவதைவிட, ஏழைகளுக்குக் கொடுப்பதைப் பெருக்குவதே மேல். பிறந்தநாளோ புதுமனை புகுவிழாவோ வரும்போது இதை ஒரு வரவுசெலவு விதியாகவே கொள்ளலாம். விருந்துச் செலவில் ஏதேனும் ஒன்றைக் கூட்டத் தோன்றினால், அந்தத் தொகையைக் கொடைப் பக்கம் சேர்த்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் ஆழமானதாக எனக்குப் படுவது, ஏழையும் கொடுத்தாக வேண்டும் என்ற விதி. பிறர் ஈகையால் வாழ்பவருக்கும் பூரிம் நாளில் இக்கடமைகளிலிருந்து விலக்கில்லை. ஒருவரிடம் தம் ஒரு வேளை உணவு மட்டுமே இருந்தால், அதே நிலையிலுள்ள நண்பரோடு அதை மாற்றிக்கொள்ளலாம் என்று யோசேப்பு கரோ 16ஆம் நூற்றாண்டில் தொகுத்த சட்டநூல் வழி சொல்கிறது: இவர் உணவை அவர் உண்பார், அவர் உணவை இவர் உண்பார். கணக்குப் பார்த்தால் யாருக்கும் எதுவும் கூடவில்லை. ஆனால் இருவருமே அன்று கொடுத்தவர்கள் ஆகிவிட்டார்கள். பெறுபவராகவே காலந்தள்ள நேர்ந்தவரின் கூச்சத்தை இவ்விதி போக்கிவிடுகிறது. நீங்கள் தொடர்ந்து உதவும் ஒருவர் உண்டானால், அவரால் இயன்ற ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: உங்கள் பிள்ளைக்கு ஒரு பாடம் சொல்லித் தரட்டும், ஊறுகாய்ப் பக்குவம் ஒன்றைக் காட்டித் தரட்டும். அவர் நீட்டும் காப்பியை "உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று மறுக்காதீர்கள்.

இறுதியாக, விசாரணை. பூரிம் நாளில் கைநீட்டுபவர் உண்மையிலேயே ஏழையா என்று ஆராயக் கூடாது. கேட்கும் யாவருக்கும் கொடுக்க வேண்டும். ஆண்டு முழுவதும் இப்படியே செய்ய முடியுமா என்ற ஐயம் நியாயமானது. யூத மரபும் அதைக் கோரவில்லை. மற்ற நாட்களில், உடை கேட்பவரை விசாரித்துக் கொடுக்கலாம், பசி என்று வருபவரை விசாரிக்காமலே உணவளிக்க வேண்டும் என்பது தல்மூதின் முடிவு. இப்பாகுபாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டுக்குக் கேட்பவரிடம் கேள்விகளின்றிக் கொடுங்கள். மருத்துவத்துக்கோ படிப்புக்கோ பெருந்தொகை கேட்பவரிடம் விவரங்களைப் பொறுமையாகக் கேட்டறிந்து, தருவீர்களா இல்லையா என்பதை அவர் அலையாதபடி விரைவில் சொல்லிவிடுங்கள்.