ஆண்டின் மனங்கவர்ந்த நூல்களைப் பட்டியலிட்டுப் பரிந்துரைப்பது எப்படி?

டிசம்பர் பிறந்ததும் தொடர்ந்து வாசிக்கும் பழக்கமுள்ள பலர், அந்த ஆண்டில் தாம் படித்தவற்றுள் மனத்துக்குப் பிடித்த நூல்களைப் பட்டியலிட்டு நண்பர்களுக்குச் சொல்லத் தொடங்குகிறார்கள். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடைபெறுவதால், அத்தகைய பட்டியல்களைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குச் செல்கிறவர்களும் ஏராளம். முன்பின் அறியாத ஒருவர் நம் சொல்லை நம்பித் தம் பணத்தையும் நேரத்தையும் செலவிடப்போகிறார் என்பதால், இதைப் பொறுப்போடு செய்ய வேண்டும். அட்டைப் படங்களை வரிசையாக அடுக்கி, மேலே 'அவசியம் படிக்க வேண்டியவை' என்று எழுதிவிடுவது பரிந்துரை ஆகாது. நூலில் என்ன இருக்கிறது, அது எப்படிப்பட்ட வாசகருக்கு உகந்தது, எந்தப் பதிப்பை வாங்குவது என்பவற்றைச் சொல்லும் பட்டியலே பிறருக்குப் பயன்படும்.

முதலில் 'ஆண்டு' என்பதை வரையறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆண்டில் வெளியான நூல்கள் வேறு, இந்த ஆண்டில் நாம் படித்த நூல்கள் வேறு. இரண்டையும் கலந்து எழுதினால், பழைய நூலைப் புதிய வெளியீடு என்று எண்ணி வாசகர் குழம்புவார். தமிழில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம் 1977 முதல் நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சியை மையமாக வைத்தே நம் பதிப்பகங்களின் பணி நடக்கிறது. புதிய நூல்களில் பெரும்பகுதி டிசம்பர் இறுதியிலும் ஜனவரி முதல் வாரங்களிலும் அச்சாகி வருகின்றன. பதிப்பு விவரப் பக்கத்தில் 'முதல் பதிப்பு: டிசம்பர்' என்று அச்சிடப்பட்டிருந்தாலும், அந்த நூல் வாசகர் கைக்கு வருவது ஜனவரியில்தான், படித்து முடிக்கப்படுவது அதற்குப் பல மாதங்கள் கழித்து. ஆகவே, காலண்டர் ஆண்டைக் கறாராகப் பின்பற்றினால், டிசம்பரில் வெளியான நூல்கள் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமலேயே போய்விடும். ஒரு புத்தகக் காட்சியிலிருந்து அடுத்த புத்தகக் காட்சி வரை என்று கணக்கிடுவதே தமிழ் வாசகருக்குப் பொருத்தமான ஆண்டுக் கணக்கு என்பது என் கருத்து. எந்தக் கணக்கைப் பின்பற்றினாலும் அதைப் பட்டியலின் தலைப்பிலோ முதல் வரியிலோ தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

டிசம்பரில் உட்கார்ந்து ஆண்டு முழுவதையும் நினைவிலிருந்து மீட்டெடுப்பது நடவாத காரியம். கடைசி இரண்டு மூன்று மாதங்களில் படித்தவையே முன்னால் வந்து நிற்கும். பிப்ரவரியில் இரவெல்லாம் விழித்துப் படித்த நாவல் மங்கியிருக்கும். ஆகவே, ஒவ்வொரு நூலையும் முடித்த அன்றோ மறுநாளோ நான்கைந்து வரிகள் குறித்துவைப்பது அவசியம். கதைச் சுருக்கத்தை எழுதத் தேவையில்லை; அதை நூலே சொல்லிவிடும். எந்தப் பக்கத்தில் நிறுத்தித் திரும்பப் படித்தோம், எங்கே அலுப்புத் தட்டியது, எந்தக் கதாபாத்திரம் நூலை மூடிய பின்னும் உடன் வந்தது, யாரிடம் இதைப் பற்றி உடனே பேசத் தோன்றியது என்பவற்றைப் பக்க எண்ணோடு எழுதிவைத்தால் போதும். ஆண்டிறுதியில் அந்தக் குறிப்புகளைப் பார்க்கும்போது, படித்த உடனே பெரிதாகத் தோன்றிய சில நூல்கள் சுவடில்லாமல் மறைந்திருப்பதும், சாதாரணமாகத் தோன்றிய ஒன்று மனத்தில் வேர் பிடித்திருப்பதும் தெரியவரும். அந்த இரண்டாவது வகையைத் தவறவிடக் கூடாது.

எத்தனை நூல்களைச் சேர்ப்பது என்பதற்கு விதி இல்லை. பத்து என்பது வெறும் பழக்கம். ஐந்து நூல்கள்தாம் உண்மையிலேயே பிடித்தன என்றால் ஐந்தோடு நிறுத்திக்கொள்ளலாம்; பத்தை நிரப்புவதற்காக அரைமனத்தோடு சேர்க்கப்படும் நூல்கள், மனமாரச் சொன்ன நூல்களின் மதிப்பையும் குறைத்துவிடும். பாதியில் நிறுத்திய நூலையும், விருது பெற்றது என்பதற்காக மட்டுமே சேர்க்கத் தோன்றும் நூலையும் விட்டுவிடுவது நல்லது. முதலிடம், இரண்டாமிடம் என்று தரவரிசை கொடுப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு கவிதைத் தொகுப்பையும் ஒரு வரலாற்று ஆய்வையும் எந்த அளவுகோலைக் கொண்டு மேல் கீழ் என்று வைப்பது?

நம் பட்டியல்கள் பெரும்பாலும் நாவல்களாலும் சிறுகதைத் தொகுப்புகளாலும் நிறைந்துவிடுகின்றன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2024ஆம் ஆண்டுக்கான தமிழ் சாகித்திய அகாதெமி விருது, ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற வரலாற்று நூலுக்குக் கிடைத்தது. அப்படியிருந்தும், கட்டுரை, வரலாறு, தன்வரலாறு, அறிவியல், சிறார் நூல் ஆகியவற்றைப் படித்தவர்கள்கூடப் பட்டியல் போடும்போது அவற்றை மறந்துவிடுகிறார்கள். குறிப்பேட்டைப் புரட்டும்போது ஒவ்வொரு வகையிலும் ஒன்றாவது மனத்தில் நின்றதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. நிற்கவில்லையென்றால் வலிந்து சேர்க்கவும் வேண்டாம்.

இனி, முக்கியமான பகுதிக்கு வருவோம். ஒவ்வொரு நூலைப் பற்றியும் எழுதும் பத்திதான் பட்டியலின் உயிர். 1950களில் விமர்சகர் க.நா. சுப்ரமண்யம் 'படித்திருக்கிறீர்களா?' என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து, தமக்குப் பிடித்த தமிழ் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து அறிமுகப்படுத்தினார். அவருடைய தேர்வுகளோடு முரண்பட்டவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால், ஒரு நூலை ஏன் முன்வைக்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டும் என்ற பழக்கத்துக்கு அவர் வலுவான அடித்தளம் இட்டார்.

காரணம் சொல்வது எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலை ஒருவர் இந்த ஆண்டில் முதன்முறையாகப் படித்தார் என்று வைத்துக்கொள்வோம். 'அற்புதமான நாவல், கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது, அனைவரும் படிக்க வேண்டும்' என்று அவர் எழுதினால், அந்த வரிகள் எந்த நாவலுக்கும் பொருந்தும். ஆகவே எந்த நாவலைப் பற்றியும் எதையும் சொல்லவில்லை. அதையே இப்படி எழுதலாம்: 'இரண்டாம் உலகப் போர்க் காலத்து மேடான், பினாங்கு நகரங்களில், வட்டிக்கடைகளில் வேலை பார்க்கப் போன தமிழ் இளைஞர்களின் கதை. ஜப்பானியப் படை நகருக்குள் நுழையும் காட்சியோடு தொடங்குகிறது. செட்டியார் கடைப் பேச்சும் மலாய்ச் சொற்களும் பழந்தமிழ் இலக்கிய வரிகளும் ஒரே பத்தியில் கலந்து வருவதால் முதல் ஐம்பது பக்கங்களை நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கும். அயல்நாட்டில் இருக்கும் நாயகன் பாண்டியன் மதுரைத் தெருக்களை நினைத்துப் பார்க்கும் பக்கங்களையும், நண்பர்கள் மது அருந்தியபடி தமிழ்ப் பெருமைகளைக் கேலி செய்யும் உரையாடலையும் மறக்க முடியாது. நேர்கோட்டில் செல்லும் கதையை விரும்புவோருக்கு இது சிரமம் தரலாம். மொழியின் ஓசைக்காகப் படிப்பவர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும்.'

இந்தப் பத்தியில் இடம், காலம், மாந்தர் ஆகியவை வந்துவிட்டன, முடிவு வெளிப்படவில்லை, நூலின் கடினமான பகுதி மறைக்கப்படவில்லை, யாருக்கு ஒத்துவராது என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லப் பலர் தயங்குகிறார்கள். எழுத்தாளர் மனம் வருந்துவார் என்ற தயக்கம் அது. ஆனால் தவறான வாசகர் கையில் போய்ச் சேரும் நூல் பாதியில் மூடப்பட்டு அலமாரியில் தூங்கும். உரிய வாசகரிடம் அதைச் சேர்ப்பதுதான் எழுத்தாளருக்கும் நன்மை. 1972இல் வெளியான இந்த நாவல் அன்று பெரிய கவனம் பெறவில்லை. சி. மோகன் போன்ற தேர்ந்த வாசகர்கள் காரண காரியத்தோடு தொடர்ந்து எடுத்துச் சொன்னதால்தான் அது பின்னாளில் மறுபதிப்புகள் கண்டு, இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களின் வரிசையில் பேசப்படுகிறது. வாசகரின் பரிந்துரைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பழைய நூல்களைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று தயங்குவோருக்கும் இதுவே விடை.

மேற்கோள் காட்ட விரும்பினால் ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு வாக்கியங்கள் போதும். நூலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்துப் பிசகாமல் பெயர்த்தெழுத வேண்டும். எழுத்தாளர் நம் நண்பராகவோ பதிப்பாளர் உறவினராகவோ இருந்தால், அல்லது நூல் நமக்கு அன்பளிப்பாக வந்திருந்தால், அதை அந்தப் பத்தியிலேயே ஒரு வரியில் தெரிவித்துவிட வேண்டும். தமிழ் இலக்கிய உலகம் சிறியது. எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒருவரையொருவர் அறிந்திருப்பது இயல்பு. நட்பு இருப்பதில் தவறில்லை. ஆனால் அதை மறைத்தால் மற்ற நூல்களைப் பற்றி நாம் சொன்னதையும் வாசகர் ஐயப்படுவார்.

அடுத்தது நூல் விவரம். நூலாசிரியர் பெயர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, விலை ஆகியவற்றைப் பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்த்தே எழுத வேண்டும். விலை பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் எந்தப் பதிப்பின் விலை என்பதையும் குறிப்பிடலாம். பதிப்பு ஆண்டும் பதிப்பகமும் ஏன் முக்கியம் என்றால், நாட்டுடைமையாக்கப்பட்ட படைப்புகளை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் பல பதிப்பகங்கள் வெளியிட்டுள்ளன. முழுப் பதிப்போடு சுருக்கப் பதிப்புகளும் கடைகளில் கிடைக்கின்றன. தாளின் தரமும் எழுத்தின் அளவும் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். நூலின் பெயரை மட்டும் சொன்னால், வாங்குகிறவர் கையில் சுருக்கப் பதிப்போ, கண்ணை வருத்தும் சின்ன எழுத்துப் பதிப்போ அகப்படலாம்.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரை விடவே கூடாது. அவர் பெயரில்லாமல் மூல ஆசிரியரை மட்டும் குறிப்பிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. தமிழில் நாம் படிப்பது அவருடைய சொற்களைத்தானே! ஆல்பெர் காம்யுவின் 'அந்நிய'னை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கினார் என்பதும், வங்க நாவலான 'நீலகண்டப் பறவையைத் தேடி' சு. கிருஷ்ணமூர்த்தியின் மொழிபெயர்ப்பில் நமக்குக் கிடைத்தது என்பதும் அந்த நூல்களின் தரத்தோடு தொடர்புடைய செய்திகள். நேரடி மொழிபெயர்ப்பா, ஆங்கில வழி வந்ததா என்பதைக் குறிப்பிட்டால், ஒரே நூலுக்குப் பல மொழிபெயர்ப்புகள் இருக்கும்போது தேர்ந்தெடுப்பது எளிதாகும்.

நூல் கிடைக்குமிடத்தையும் சேர்த்துச் சொல்வது நல்ல பழக்கம். எல்லோராலும் எல்லா நூல்களையும் விலை கொடுத்து வாங்க முடியாது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ, 2023இல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ, உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலோ நீங்கள் பார்த்திருந்தால் அதையும் எழுதுங்கள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வெளியான நூல்கள் தமிழகக் கடைகளில் எளிதில் அகப்படுவதில்லை. ஈழத்து நூல்கள் பலவற்றை 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். பதிப்புரிமை நீங்கிய பழந்தமிழ் நூல்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பு இருக்கிறது. உரிமையுள்ள நூலின் திருட்டுப் பிரதிக்கு மட்டும் ஒருபோதும் வழிகாட்டக் கூடாது. சிறிய பதிப்பகங்கள் நூறு, இருநூறு பிரதிகளை அச்சிட்டு விற்றுத்தான் அடுத்த நூலைக் கொண்டுவருகின்றன. அச்சில் இல்லாத நூலைப் பரிந்துரைத்தால், 'இப்போது அச்சில் இல்லை' என்று எழுதிவிட வேண்டும். பலர் கேட்டால் மறுபதிப்பு வரவும் வாய்ப்பு உண்டு.

எழுதி முடித்தபின் ஒருநாள் விட்டுத் திரும்பப் படித்து, 'மிகச் சிறந்த', 'ஆகச் சிறந்த', 'தவிர்க்க முடியாத' போன்ற அடைமொழிகளை நீக்கிப் பாருங்கள். அவற்றை நீக்கிய பின்னும் அந்த நூலைப் படிக்கத் தோன்றினால் பத்தி சரியாக அமைந்திருக்கிறது. தோன்றாவிட்டால், குறிப்பேட்டில் இருக்கும் ஒரு காட்சியையோ ஒரு தகவலையோ சேர்க்க வேண்டும்.

பட்டியலை டிசம்பர் நடுப்பகுதியிலேயே வெளியிட்டுவிடுவது நல்லது. புத்தகக் காட்சி சில ஆண்டுகளில் டிசம்பர் இறுதியிலேயே தொடங்கிவிடுகிறது. வாசகருக்குத் தம் பணத்தைக் கணக்குப் பார்க்கவும், நூலகத்தில் சில பக்கங்களைப் புரட்டிப் பார்க்கவும் அவகாசம் வேண்டும். இறுதியில் அதே நூல்களைப் பதிப்பக வாரியாக அகர வரிசையில் ஒருமுறை தொகுத்துக் கொடுங்கள். காட்சியில் நூல்கள் பதிப்பக அரங்குகளில்தான் கிடைக்கும். நூற்றுக்கணக்கான அரங்குகளுக்கு நடுவே ஒரு நூலைத் தேடி அலைகிறவருக்கு, எந்தப் பதிப்பகத்தில் எதைக் கேட்பது என்ற ஒற்றைத் தாள் கையில் இருந்தால், கடைக்காரரிடம் நேராகப் போய்க் கேட்டு வாங்கிவிடுவார்.